சபை மாறும் குருவானவர்களும் போதகர்களும்: வேலூர் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வடாற்காட்டில், அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில், நடந்துபோகிற தூரத்துக்குள் மூன்று நான்கு வகைக் கிறிஸ்தவக் கோயில்கள் இருக்கும். ஒன்றில் குருப்பட்டம் பெற்றவர் இன்னொன்றுக்குப் போக நினைப்பதும் புதிதல்ல. போக நினைக்கிறவரும், அவருடைய வீட்டாரும், சபையாரும் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. எந்தச் சபை சரி என்ற வாதத்துக்குள் நாங்கள் போகவில்லை.

சபை மாறினால் எது கூட வரும், எது வராது?

ஞானஸ்நானம் கூட வரும். பட்டம் வருமா என்பதைச் சேரப்போகும் சபைதான் சொல்லும். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு வாக்கியத்தின் விரிவுதான்.

தண்ணீரால், பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் கொடுத்த ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன் மூவரும் ஒருவருக்கொருவர் ஏற்கிறார்கள். அதைத் திரும்பக் கொடுப்பதில்லை. முழுக்கு ஞானஸ்நானத்தையே ஞானஸ்நானம் என்று எண்ணும் பெந்தெகொஸ்தே போன்ற சபைகள் குழந்தைப் பருவத் தெளிப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. எதிர்த்திசையிலும் ஒரு சிக்கல் உண்டு. "இயேசுவின் நாமத்தில்" மட்டும் கொடுக்கும் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர் கத்தோலிக்கராக வந்தால், அது செல்லாது என்று சொல்லிப் புதிதாகக் கொடுப்பார்கள்.

"ஆயர் வருகிறார்" என்றால் யார் வருகிறார்?

யார் சொல்கிறார் என்று பாருங்கள். சி.எஸ்.ஐ.காரர் சொன்னால் அது அவருடைய சபையின் குருவானவர். கத்தோலிக்கர் சொன்னால் மறைமாவட்டத்தின் தலைவர், அதாவது பிஷப். பிஷப்பை சி.எஸ்.ஐ.யில் பேராயர் என்பார்கள். கத்தோலிக்கரிடம் பேராயர் என்றால் ஆர்ச்பிஷப். ஆகவே மாறி வருகிறவர் தம் விண்ணப்பத்தில் "நான் பத்து ஆண்டு ஆயராக இருந்தேன்" என்று எழுதினால், படிக்கிறவருக்கு வேறு படம் தெரியும். விண்ணப்பங்களில் "குருவானவர், பிரஸ்பிட்டர்" என்றோ "பங்குத்தந்தை" என்றோ எழுதுங்கள்.

இன்னும் சில, சி.எஸ்.ஐ. சொல் முதலில், கத்தோலிக்கச் சொல் பின்னால்: ஞானஸ்நானம் என்பது திருமுழுக்கு. பேராயம் என்பது மறைமாவட்டம். பாஸ்டரேட் என்பது பங்கு, அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபை வட்டாரம். திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவரை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கு) என்பது உறுதிபூசுதல். திருவிருந்து ஆராதனைக்குச் சமமாகத் திருப்பலியைச் சொல்லலாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்பதுதான் பாதிச் சண்டையே.

இந்த வட்டாரத்தில் எந்தச் சபை எங்கிருந்து வந்தது? அது ஏன் முக்கியம்?

பட்டத்தை ஏற்பதா மறுப்பதா என்பது அந்தச் சபை வந்த வழியைப் பொறுத்தது.

ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் தொடங்கிய ஆற்காடு மிஷன் அமெரிக்க ரிஃபார்ம்ட் சபையைச் சேர்ந்தது. அதில் பிஷப் கிடையாது. அந்தச் சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபைக்குள் வந்தன. 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை மரபு), மெதடிஸ்ட் சபைகளோடு சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆயின. வேலூர் பேராயம் 1976இல் தனியானது. ராணிப்பேட்டையில் 1900இல் பிறந்த ஒருவர் ரிஃபார்ம்ட், ஐக்கிய சபை, சி.எஸ்.ஐ. என்று மூன்று சபையில் இருந்திருப்பார், உட்கார்ந்த பெஞ்சு மாறாமலே.

கத்தோலிக்க வேலூர் மறைமாவட்டம் 1952இல் உருவானது. சலேசியர் துறவற சபையின் செல்வாக்கு இங்கே அதிகம். ஆம்பூரில் வேரூன்றிய இந்திய சுவிசேஷ லுத்தரன் சபை, அமெரிக்க மிசூரி லுத்தரன்களின் வழி. ஆற்காடு லுத்தரன் சபை டேனிஷ் மிஷன் வழி. பெயரில் ஆற்காடு இருந்தாலும் அதன் ஊர்கள் திருவண்ணாமலையிலும் பழைய தென்னாற்காட்டிலும்தான். பெயரைப் பார்த்து ஆற்காட்டுக்கு பஸ் ஏற வேண்டாம்.

கத்தோலிக்கக் குரு முறைப்படி விலக என்ன செய்ய வேண்டும்?

ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்தால் முடியாது. குருப்பட்டம் அழியாத முத்திரை என்பது கத்தோலிக்கப் போதனை. குருநிலையின் கடமைகளிலிருந்தும் உரிமைகளிலிருந்தும்தான் விடுவிக்க முடியும். மணமாகா வாழ்விலிருந்து விலக்குத் தருவது போப் ஒருவருக்கே உரியது (திருச்சபைச் சட்டம் 291).

வரிசை இப்படி. முதலில் தம் ஆயரிடம் நேரில் பேசி, பணியிலிருந்து விடுப்புக் கேட்க வேண்டும். அடுத்து போப்புக்கு முகவரியிட்ட விண்ணப்பம்: தம் கையெழுத்தோடு, பணிவான நடையில், சுருக்கமாக. அதோடு வாழ்க்கைக் குறிப்பு, குருமடக் காலத்திலிருந்து நடந்தவற்றின் விவரம், சாட்சிகளின் வாக்குமூலம். சாட்சிகள் என்றால் உடன் படித்த குருக்கள், குருமட அதிபர், வீட்டார். ஆயர் ஒருவரை விசாரணைக்கு நியமிப்பார். அவர் கேள்வி கேட்டுப் பதிவு செய்வார். பிறகு ஆயர் தம் கருத்தை எழுதி, கோப்பு ரோமில் குருக்கள் விவகாரம் பார்க்கும் வத்திக்கான் அலுவலகத்துக்குப் போகும். சலேசியர் போன்ற துறவற சபைக் குருவானால் அந்தச் சபையின் மாநிலத் தலைவர் (புரொவின்ஷியல்) வழியாகப் போகும். துறவற வார்த்தைப்பாடுகளிலிருந்தும் விடுவிப்பு வேண்டும்.

கோப்பு எங்கே தடுக்கும்? பெரும்பாலும் காரணம் எழுதிய பக்கத்தில். "சபையில் அநியாயம் நடக்கிறது, அதனால் போகிறேன்" என்று ஐம்பது பக்கம் எழுதினால் அது புகார்க் கடிதம். விலக்குக் கேட்கும் மனு ஆகாது. ரோம் பார்ப்பது இந்த மனிதர் பட்டம் பெறும்போதே தகுதியோடு இருந்தாரா, இனித் திரும்ப முடியாத நிலையில் இருக்கிறாரா என்பதை. 1980ஆம் ஆண்டு விதிகளின்படி 40 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் மனு எளிதில் நகராது. விசேஷக் காரணம் வேண்டும்.

பதில் கடிதம் வந்து அது அவருக்குத் தெரிவிக்கப்பட்ட பிறகு அவர் திருப்பலி நிறைவேற்ற முடியாது, மறையுரை ஆற்ற முடியாது, குருமடத்தில் பாடம் நடத்த முடியாது. ஒரே ஒரு விதிவிலக்கு: சாகும் தறுவாயில் இருப்பவருக்குப் பாவமன்னிப்பு வழங்கலாம் (சட்டம் 976).

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. குருப்பட்டம் பெற்றதும் அந்தச் செய்தி அவர் திருமுழுக்குப் பெற்ற பங்குக்குப் போய், அங்குள்ள பழைய பதிவேட்டில் அவர் பெயருக்குப் பக்கத்து ஓரத்தில் எழுதப்படும். அவர் பின்னால் எந்தக் கத்தோலிக்கக் கோயிலில் திருமணம் கேட்டாலும் புதிதாக எடுத்த திருமுழுக்குச் சான்றிதழ் கேட்பார்கள். அந்த நகலில் ஓரக்குறிப்பும் வரும். நாற்பது ஆண்டுக்கு முன்பு திருப்பத்தூர்ப் பக்கத்துப் பங்கில் எழுதிய ஒரு வரி சென்னையில் நடக்கவிருக்கும் திருமணத்தை நிறுத்தும். விலக்குக் கடிதம் இருந்தால் அதுவும் அதே ஓரத்தில் ஏறும்.

அதையெல்லாம் செய்யாமல் நேராக சி.எஸ்.ஐ.யில் சேர்ந்துவிட்டால்?

நாட்டுச் சட்டத்தில் குற்றமில்லை. கத்தோலிக்கச் சட்டத்தில் அவர் வகித்த பதவி தானாகவே போய்விடும் (சட்டம் 194). திருமணம் செய்ய முயன்றால் தானாகவே இடைநீக்கம் (சட்டம் 1394). திருச்சபையை விட்டுப் பிரிந்தது வெளிப்படையாக இருந்தால் சபை விலக்கமும் உண்டு. "எனக்கு அது பொருட்டில்லை" என்று அவர் சொல்லலாம். ஊரில் இருக்கும் கத்தோலிக்கத் தாயாருக்குப் பொருட்டாக இருக்கும். பின்னால் மனம் மாறித் திரும்பும்போது அவருக்கும் பொருட்டாக இருக்கும். முறைப்படி விலகிவிட்டு வாருங்கள் என்பதே எங்கள் ஆலோசனை. கால தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சி.எஸ்.ஐ.யில் அவருக்கு மறுபடியும் பட்டம் கொடுப்பார்களா?

பிஷப் கைவைத்துப் பெற்ற பட்டத்தை மறுபடி கொடுப்பதில்லை என்பது ஆங்கிலிக்கன் மரபுவழிச் சபைகளின் பொது வழக்கம். அதனால் கத்தோலிக்கக் குருவை உறுப்பினராக ஏற்று, சில காலம் மூத்த குருவானவர் ஒருவரின் கீழ் வைத்து, பேராயர் உரிமம் கொடுத்துப் பணியில் அமர்த்துவதுதான் வழி. ஆனால் இது உரிமையில்லை. இடம் இருக்கிறதா, பாஸ்டரேட்டுகள் ஏற்குமா, ஏன் வந்தார் என்பதையெல்லாம் பேராயம் பார்க்கும்.

திருமணத்துக்காக மட்டும் வருகிறவரை அடையாளம் காண அதிக நேரம் ஆவதில்லை. "ஆராதனையை யார் திட்டமிட வேண்டும்?" என்று கேட்டால், பாஸ்டரேட் கமிட்டியைப் பற்றி யோசிக்கவே இல்லை என்பது தெரிந்துவிடும். கத்தோலிக்கப் பங்கில் கடைசி வார்த்தை பங்குத்தந்தையுடையது. சி.எஸ்.ஐ.யில் தேர்ந்தெடுக்கப்பட்ட செயலரும் பொருளாளரும் உண்டு, தேர்தல் உண்டு, தேர்தலுக்குப் பிந்தைய மனக்கசப்பும் உண்டு. இங்கே தடுமாறுவது இறையியலில் இல்லை, கமிட்டிக் கூட்டத்தில்தான்.

சி.எஸ்.ஐ. ஆயர் கத்தோலிக்கராக விரும்பினால்?

இரண்டு தனித்தனிப் படிகள். குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதல் படி, விசுவாசியாகச் சேர்வது. திருமுழுக்கு மறுபடி கிடையாது. சான்றிதழ் மட்டும் வேண்டும். பங்கில் சில மாதம் மறைக்கல்வி, பிறகு பாவசங்கீர்த்தனம், விசுவாச அறிக்கை, உறுதிபூசுதல், நற்கருணை. சி.எஸ்.ஐ.யில் பெற்ற திடப்படுத்தலை அவர்கள் அருட்சாதனமாக எண்ணாததால் உறுதிபூசுதல் உண்டு. மனைவியோடு நடந்த சி.எஸ்.ஐ. திருமணம் செல்லும், திரும்பத் தாலி கட்ட வேண்டியதில்லை. மனைவியும் பிள்ளைகளும் கூடவே மாற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வேலூரில் இதைத் தவறாகச் சொல்லிக் குடும்பங்களைக் கலங்கடிப்பவர்கள் உண்டு.

இரண்டாம் படி, குருவாவது. இங்கே கதவு மிகக் குறுகல். ஆங்கிலிக்கன் பட்டங்கள் செல்லாதவை என்று 13ஆம் லியோ 1896இல் அறிவித்தார். அந்த முடிவு இன்றும் நிற்கிறது. சி.எஸ்.ஐ. பட்டமும் அதே கணக்கில்தான் பார்க்கப்படும். ஆகவே முதலில் திருத்தொண்டர் (டீக்கன்), பிறகு குரு என்று புதிதாகப் பெற வேண்டும். மணமானவராக இருப்பது இலத்தீன் முறையில் தடை. அதை நீக்குவது ரோம் மட்டுமே. மனைவியின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். மனைவி இறந்தால் மறுமணம் கூடாது. பிஷப் ஆகவும் முடியாது.

16ஆம் பெனடிக்ட் 2009இல் ஆங்கிலிக்கன் குழுக்களுக்கென ஒரு ஏற்பாடு செய்தாரே என்று கேட்பார்கள். அதன்படி அமைந்தவை இங்கிலாந்து, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியாவை மையமாகக் கொண்ட மூன்று அமைப்புகள். இந்தியாவில் அப்படி ஒன்று இல்லை. இங்கே ஒவ்வொன்றும் தனி மனு.

மணமான சி.எஸ்.ஐ. ஆயர் முதல் படியோடு நின்று, மறைக்கல்வி ஆசிரியராகவோ கல்லூரிப் பேராசிரியராகவோ வாழத் தயாரா என்று தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். அதற்குத் தயாரில்லை என்றால், அவர் தேடுவது கத்தோலிக்க விசுவாசமா, கத்தோலிக்கப் பீடமா என்ற கேள்வி மீதி இருக்கிறது.

பெரியவர்கள் யாராவது இப்படி மாறியிருக்கிறார்களா?

தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்தவர் கால்டுவெல். 1838இல் லண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியராகச் சென்னைக்கு வந்தார். 1841இல் ஆங்கிலிக்கன் பட்டம் பெற்று, ஆங்கிலிக்கன் மிஷன் சங்கமான எஸ்.பி.ஜி.யில் சேர்ந்து இடையன்குடிக்குப் போனார். 1877இல் பிஷப் ஆனார். ஜி.யு. போப் வெஸ்லியன் மெதடிஸ்டாக வந்து ஆங்கிலிக்கன் ஆனவர். நேர்மாறாக, திருநெல்வேலியில் இரேனியுஸ் லுத்தரன் பட்டத்தோடு ஆங்கிலிக்கன் சங்கத்தில் வேலை செய்தார். உபதேசியார்களுக்கு யார் பட்டம் கொடுப்பது என்பது உள்ளிட்ட தகராறில் 1835இல் அந்தச் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார்.

பட்டம் கூட வருமா என்பதற்கு இரண்டு உதாரணம் போதும். ஆங்கிலிக்கன் குருவான நியூமன் 1845இல் கத்தோலிக்கரானார். 1847இல் ரோமில் புதிதாகப் பட்டம் பெற்றார். கேரளத்தின் மார் இவானியோஸ் 1930இல் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையிலிருந்து கத்தோலிக்கத்துக்கு வந்தார். அவருடைய பிஷப் பட்டம் அப்படியே ஏற்கப்பட்டது. ஆர்த்தடாக்ஸ் பட்டங்களை ரோம் செல்லும் என்று எண்ணுவதுதான் வித்தியாசம்.

1947இல் சி.எஸ்.ஐ. மூன்றாவது வழியைக் கண்டது. அன்று பணியில் இருந்த ரிஃபார்ம்ட், மெதடிஸ்ட் போதகர்களை மறுபட்டம் இல்லாமல் ஏற்றது. அதன்பிறகு வரும் பட்டங்கள் மட்டும் பேராயர் கையால். ஸ்காட்லாந்து சபையின் பிரஸ்பிடேரியன் போதகரான லெஸ்லி நியூபிகின் அப்படித்தான் மதுரையில் பேராயரானார்.

லுத்தரனுக்கும் சி.எஸ்.ஐ.க்கும் இடையே?

பிரசங்க பீடத்தில் ஒருவரையொருவர் அழைப்பது சாதாரணம். பணி மாற்றம் வேறு. மிசூரி வழி லுத்தரன் சபை உபதேச ஒற்றுமையைக் கறாராகப் பார்க்கும். திருவிருந்தில் மெய்யாகவே கிறிஸ்துவின் சரீரம் என்பதில் ரிஃபார்ம்ட் பின்னணிக்காரர் தடுமாறினால் அங்கேயே நேர்காணல் முடிந்தது. லூத்தரின் சிறிய வினாவிடைப் புத்தகத்தை முதலிலிருந்து படித்துவிட்டுப் போங்கள்.

கத்தோலிக்கரும் லுத்தரன்களும் 1999இல் நீதிமானாக்கப்படுதல் (மனிதர் கடவுள்முன் நீதிமானாவது) பற்றிக் கூட்டறிக்கை வெளியிட்டார்கள். அது பட்டங்களைப் பற்றி எதையும் தீர்க்கவில்லை.

பெந்தெகொஸ்தே பாஸ்டர் சி.எஸ்.ஐ.யில் சேரலாமா?

சேரலாம், பாஸ்டராக இல்லை. உறுப்பினர், பிறகு பேராயத்தின் தேர்வு, பிறகு செராம்பூர் பல்கலைக்கழக இணைவுள்ள இறையியல் கல்லூரியில் பி.டி. பட்டம் (மதுரை அரசரடி, சென்னை குருகுலம், பெங்களூரு யு.டி.சி. போன்றவை), பிறகு டீக்கன், பிறகு பிரஸ்பிட்டர். பணம் கட்டி வாங்கிய "டாக்டர்" பட்டம் இருந்தால் அதை விண்ணப்பத்தில் போடாதீர்கள். மரியாதை கூடாது, குறையும்.

மாறிய பிறகு திருமணம் நடத்தி வைக்கலாமா?

இதில்தான் ஜெயில் வரைக்கும் போகும் ஆபத்து. 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, பிஷப்பால் பட்டம் பெற்றவர் தாம் ஊழியராக இருக்கும் சபையின் முறைப்படி திருமணம் நடத்தலாம் என்கிறது. "ஊழியராக இருக்கும் சபை" என்பதைக் கவனியுங்கள். பழைய சபையை விட்டு, புதிய சபை உரிமம் கொடுக்காத இடைக்காலத்தில் அந்த அதிகாரம் இல்லை. பிஷப் இல்லாத சுயாதீன சபைக்குப் போனால் மாநில அரசிடம் 6ஆம் பிரிவின்கீழ் தனி உரிமம் வாங்க வேண்டும். அதிகாரமில்லாமல் நடத்தினால் 68ஆம் பிரிவின்படி 10 ஆண்டு வரை சிறை.

"அண்ணன் மகள் கல்யாணம், நீங்களே ஆசீர்வதியுங்கள்" என்று கேட்டால் ஜெபம் மட்டும் செய்யுங்கள். திருமணத்தை அதிகாரம் உள்ளவர் நடத்திப் பதிவேட்டில் கையெழுத்துப் போடட்டும்.

சபையார் பாதிப் பேர் கூட வருகிறார்கள். கோயில் யாருக்கு?

உங்களுக்கு இல்லை. சி.எஸ்.ஐ. சொத்துகள் பொதுவாக சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கும். கத்தோலிக்கச் சொத்து மறைமாவட்டத்துடையது. கிளம்பும் நாளில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்று பதிவேடுகள், வங்கிப் புத்தகம், திருவிருந்துப் பாத்திரம், சாவி எல்லாவற்றையும் பட்டியல் எழுதி, இரண்டு பேர் கையெழுத்தோடு ஒப்படையுங்கள். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். பள்ளித் தாளாளராக இருந்தால் அந்தப் பொறுப்பும் அன்றோடு முடிகிறது. காசோலையில் கையெழுத்துப் போடாதீர்கள்.

வீட்டு மாடியில் ஜெபக்கூடம் தொடங்க நினைத்தால், பொது வழிபாட்டுக் கட்டடத்துக்குக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

வீடு, பணம்?

ஆயர் இல்லத்தைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடியும் மாதத்தோடு பொருத்திக்கொண்டால் ஐயரம்மாவின் (ஆயரின் மனைவியின்) பாதிக் கவலை குறையும். பி.எஃப். பிடித்தம் இருந்தால் கிளம்புமுன் கணக்கு எண்ணை எழுதி வாங்குங்கள். கத்தோலிக்கக் குருவுக்கு நிலை கடினம். மாதாந்தரப் படிதான் இருந்திருக்கும், சேமிப்பு இருக்காது. துறவியாக இருந்தவர் தாம் செய்த வேலைக்குச் சபையிடம் எதையும் உரிமையாகக் கேட்க முடியாது. நியாயத்தோடும் அன்போடும் நடத்த வேண்டும் என்று சட்டம் 702 சபைக்குச் சொல்கிறது. அதைச் சுட்டிக்காட்டிக் கேட்பதில் தவறில்லை.

சாதிச் சான்றிதழ் மாறுமா?

மாறாது. கிறிஸ்தவத்துக்குள் சபை மாறுவது மதமாற்றமில்லை. ஆதிதிராவிடராயிருந்து கிறிஸ்தவரானவர்கள் தமிழ்நாட்டில் எத்தனை தலைமுறையானாலும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான். சி.எஸ்.ஐ.யானாலும் கத்தோலிக்கரானாலும் அதே சான்றிதழ்.

பெண் ஆயர் மாறினால்?

சி.எஸ்.ஐ.யில் பெண்கள் ஆயராகலாம். 2013இல் பெண் பேராயரே வந்துவிட்டார். கத்தோலிக்கத்தில் பெண்களுக்குக் குருப்பட்டம் இல்லை.

புதிய சபையில் முதல் ஞாயிறு எங்கே நாக்கு தடுக்கும்?

கர்த்தர் கற்பித்த ஜெபத்தில். சி.எஸ்.ஐ.யில் "பரமண்டலங்களில் இருக்கிற எங்கள் பிதாவே". திருப்பலியில் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே". முடிவில் இன்னும் மோசம். சி.எஸ்.ஐ.யில் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று ஒரே மூச்சில் போய்விடுவார்கள். திருப்பலியில் "தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும்" என்றதும் மக்கள் நிறுத்த வேண்டும்; குரு தனியாக ஒரு மன்றாட்டுச் சொன்ன பிறகே அந்தப் பகுதி வரும். புதிதாக வந்தவர் தனியாக உரத்த குரலில் தொடர்ந்துவிட்டு நிற்பார்.

அடுத்தது பத்துக் கட்டளை. "விபசாரம் செய்யாதிருப்பாயாக" சி.எஸ்.ஐ.யில் ஏழாவது. கத்தோலிக்கரிடமும் லுத்தரன்களிடமும் ஆறாவது. எண்ணைச் சொல்லிப் பிரசங்கம் செய்தால், திருட்டைப் பற்றிப் பேசுகிறார் என்று பாதிச் சபை நினைத்துக்கொள்ளும். எண் வேண்டாம், கட்டளையையே சொல்லுங்கள்.

வேதாகமத்தில் 66 புத்தகம், திருவிவிலியத்தில் 73. ஆதியாகமம் அங்கே தொடக்கநூல், சங்கீதம் அங்கே திருப்பாடல். அப்பமும் மாறும். கத்தோலிக்கத்தில் புளிக்காத கோதுமை அப்பமும் திராட்சை மதுவும்தான். சி.எஸ்.ஐ.யில் பல இடங்களில் புளிக்காத திராட்சைச் சாறு. பழக்கத்தில் கத்தோலிக்கப் பலிபீடத்தில் சாற்றை ஊற்றிவிடக் கூடாது.

மாறியவரை எங்கே அடக்கம் செய்வார்கள்?

இப்போது உறுப்பினராக இருக்கும் சபையின் கல்லறைத் தோட்டத்தில். தாய் தந்தையின் பக்கத்தில் வேண்டுமென்றால், அந்தத் தோட்டத்தின் சபையிடம் உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கேட்டு, பதிலை வீட்டில் வைத்திருக்க வேண்டும். சாவு வீட்டில் நின்று பேசினால் பழைய வருத்தமெல்லாம் மேலே வரும். சி.எஸ்.ஐ. பாஸ்டரேட்டில் முதலில் பார்ப்பது சந்தாப் புத்தகம். மாறிப் போனவருடைய சந்தா எந்த மாதத்தோடு நிற்கிறது, பாக்கி இருக்கிறதா என்று பொருளாளர் பக்கத்தைப் புரட்டுவார். போகும்போதே அந்தக் கணக்கை முடித்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.